இடுப்பு எலும்பு முறிவு: படுக்க வைப்பதும் சிகிச்சையே

பெங்களூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் நான். "அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம்" என்று நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து இன்றும் அடிக்கடி தொலைபேசி வரும். எந்த டாக்டர், எவ்வளவு செலவு, எப்போது நடக்கலாம் என்று கேட்பார்கள். மேசையில் எப்படிப் படுக்க வைப்பார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் ஒருமுறை கேட்கத் தவறினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

எது முறிகிறது?

இடுப்பு முறிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனை முறிவதையே. அங்கே பந்து போன்ற தலை, அதன் கீழே கழுத்து, அதற்கும் கீழே புடைத்த பகுதி என மூன்று உண்டு. வயதானவர்களுக்குக் கழுத்து முறிந்து விலகிவிட்டால், பெரும்பாலும் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்துவார்கள். புடைப்புப் பகுதி முறிந்தால் எலும்பை நேராக்கி, திருகாணியும் தகடும் அல்லது உள்கம்பியும் வைப்பார்கள். அமெரிக்க மருத்துவர் ஸ்மித்-பீட்டர்சன் தம் ஆணி முறையை 1931இல் வெளியிட்டார். அதற்கு முன் மாதக்கணக்கில் படுக்கைதான். இன்று ஜெயநகரில் உள்ள அரசின் சஞ்சய் காந்தி மருத்துவமனை போன்ற இடங்களில் இது வழக்கமான அறுவை.

மல்லாந்து படுக்கும் முறை

திருகாணி, கம்பி வைக்க 'பிராக்சர் டேபிள்' என்ற தனி மேசை வேண்டும். தொடைகளுக்கு நடுவே பஞ்சு சுற்றிய ஒரு தூண் இருக்கும். முறிந்த பக்கப் பாதத்தைப் பூட்ஸ் போன்ற உறையில் கட்டி இழுப்பார்கள். உடல் கூடவே நகர்ந்துவிடாமல் தூண் தடுக்கும். காலை இழுத்து, சற்று உள்பக்கம் திருப்பினால் பல முறிவுகள் தாமே பொருந்தும். 'சி-ஆர்ம்' எக்ஸ்ரே கருவியில் நேராகவும் பக்கவாட்டிலும் பார்த்து உறுதி செய்த பிறகே கத்தி எடுப்பார்கள். எலும்பு பொருந்தாமல் ஆணி வைப்பது, வளைந்த கதவுக்குக் கீல் அடிப்பது போலத்தான்.

அந்தக் கருவி நுழைய இடம் வேண்டுமே! அதற்காக நல்ல காலை அகற்றி வைப்பார்கள், அல்லது தூக்கித் தாங்கியில் வைப்பார்கள். ஆபத்து இங்கேதான். தூக்கிய காலுக்கு இரத்த ஓட்டம் குறையும். கெண்டைச் சதை நெடுநேரம் அழுந்தினால் தசையே கெடலாம். ஆகவே பல இடங்களில் கத்தரிக்கோல் போல ஒரு காலைச் சற்று உயர்த்தி, மற்றதைத் தாழ்த்தி வைக்கிறார்கள். தூண் அளவுக்கு மேல் அழுத்தினால் பிறப்புறுப்புப் பகுதி மரத்துப் போகும். எனவே இழுவை தேவையான அளவுக்கு, தேவையான நேரத்துக்கு மட்டுமே.

ஒருக்களித்துப் படுக்கும் முறை

பந்து மாற்றும்போது பெரும்பாலும் முறிந்த பக்கம் மேலே இருக்கப் படுக்க வைப்பார்கள். இடுப்பின் முன்னும் பின்னும் முட்டுக் கொடுக்க வேண்டும். இடுப்பு சாய்ந்தால் அளவு தவறும், கால் நீளம் மாறும். மார்பின் கீழே வைக்கும் உருளை அக்குளுக்குள் போகக் கூடாது. கைக்குப் போகும் நரம்புகள் அங்கே உள்ளன. கீழ்ப்பக்கக் காதும் கண்ணும் அழுந்தக் கூடாது. எந்த முறையானாலும் குதிகாலும் முழங்கையும் மெத்தென்று இருக்க வேண்டும். விரிப்பில் மடிப்போ ஈரமோ கூடாது. முதியவர் தோல் காகிதம் போன்றது.

என் அம்மாவின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்கு இடது இடுப்பு முறிந்தது. அன்று நான் நர்ஸ் அல்ல, கதவுக்கு வெளியே நின்ற மகள். அம்மாவின் வலது முழங்கால் மூட்டுவாதத்தால் சரியாக மடங்காது. நான் அதைச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். உள்ளே இருந்தவர்கள் பேசியது கன்னடமும் மலையாளமும். வலது காலைத் தாங்கியில் வைத்தபோது மடங்காத முழங்கால் வெளிப்பக்கம் சரிந்திருக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. அது அழுந்திவிட்டது. இடது இடுப்பு அருமையாகக் கூடியது. வலது பாதமோ தூக்க முடியாமல் தொங்கியது. அது சரியாக நான்கு மாதம் ஆயிற்று. "நல்ல காலுக்கு என்னடி ஆச்சு?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

முதுகில் ஊசி போட்டபின் கால் மரத்துவிடும். மரத்த கால் வலிக்கிறது என்று சொல்லாது. அதற்காக யாராவது முன்பே பேச வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

மடங்காத முழங்கால், தூக்க முடியாத தோள், வளைந்த முதுகு, பழைய ஆபரேஷன், உடலில் உள்ள உலோகம், பேஸ்மேக்கர், புண், சர்க்கரை நோயால் வந்த மரத்துப்போதல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, முன்னதாகவே மயக்க மருந்து டாக்டரிடம் கொடுங்கள். எந்தப் பக்கம் என்று தோலில் குறியிட்டார்களா என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலும் இது உண்டு. புரட்டி ஊசி போடும்முன் வலியைக் குறைக்க, தொடை இடுக்கில் நரம்பு மரப்பு ஊசி போட முடியுமா என்று கேளுங்கள். கன்னடம் தெரியாத பெரியவர் என்றால், ஊசி போடும்வரை தமிழ் தெரிந்த ஒருவர் அருகில் இருக்க அனுமதி கேளுங்கள். அறுவை முடிந்து மரப்பு நீங்கியதும் இரண்டு பாதங்களையும் அசைக்கச் சொல்லிப் பாருங்கள். அசையாவிட்டால், அல்லது கெண்டைக்காலில் வலி கூடிக்கொண்டே போனால் உடனே சொல்லுங்கள்.

கேட்பதால் டாக்டர்கள் கோபிக்க மாட்டார்கள். நல்ல தியேட்டரில் இவை நடப்பவைதான். நான் கேட்டிருந்தால், என் அம்மா நான்கு மாதம் முன்னதாகவே வாசலில் கோலம் போட்டிருப்பார்கள்.