தாயின் இரத்தத்தில் இரும்புக் கணக்கு

இந்த மாதப் பாடம் கர்ப்பக்கால இரத்தச்சோகை. "இது பொம்பளைங்க விஷயமாச்சே, நமக்கு எதுக்கு?" என்று தம்பிமார்கள் கேட்கலாம். பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங் பக்கத் தோட்டங்களில் அக்காவையோ அண்ணியையோ கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போவது பெரும்பாலும் நாம்தானே? 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தச்சோகை இருந்தது. அதாவது, கர்ப்பமாவதற்கு முன்பே பலருக்கு இரத்தம் குறைவு.

இரத்தச்சோகை என்றால் என்ன?

உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவதுதான் இரத்தச்சோகை. கர்ப்பிணிக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். 7க்குக் கீழே போனால் ஆபத்து. களைப்பு, மூச்சு வாங்கல், தலைசுற்றல், கீழ் இமையின் உட்புறம் வெளுத்துப் போவது ஆகியவை அறிகுறிகள். மண், சாம்பல், பச்சரிசி தின்னும் ஆசையை "மசக்கை" என்று சிரித்து விடுகிறோம். அதுவும் இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் குழந்தை குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறக்கலாம். பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து.

வரவும் செலவும்

நான் பொறியியல் மாணவன். எதைப் பார்த்தாலும் வரவு, செலவு, இருப்பு என்றுதான் கணக்குப் போடுவேன். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு தேவை. குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300, தாயின் உடலில் கூடும் சிவப்பணுக்களுக்கு 500, வழக்கமான இழப்புக்கு 200. பல பெண்களின் உடலில் இருப்பு 300 கூட இருக்காது. மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், கொக்கிப்புழு எல்லாம் அந்த இருப்பைக் கரைக்கின்றன. ரப்பர் தோட்டக் காலத்தில் வெறுங்காலோடு நடந்த நம் பாட்டிமார்களைக் கொக்கிப்புழுவும் மலேரியாவும் சேர்ந்தே வாட்டின.

வரவிலும் ஓட்டை உண்டு. கீரை, பருப்பில் உள்ள இரும்பை உடல் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும். பசியாறும்போது கூடவே தே தாரிக் குடித்தால் அதுவும் குறையும்.

எல்லாச் சோகையும் இரும்புச் சோகை அல்ல

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, நெசவாலைப் பெண்களைத் தாக்கிய கடுமையான கர்ப்பக்காலச் சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், சென்னையில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இருக்கும் இடத்திலும் அவர் வேலை செய்தார். அந்தப் பெண்களைக் குணமாக்கியது எது தெரியுமா? நம் ஊர்க் கடையில் விற்கும் மார்மைட்! 1931இல் இதை அவர் வெளியிட்டார். அதில் இருந்த சத்துதான் ஃபோலேட் என்று பின்னர் தெரிந்தது. 1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். அதற்காக மாத்திரையை விட்டுவிட்டு மார்மைட்டை நம்பக்கூடாது. சைவ உணவுக்காரர்களுக்கு பி12 சத்தும் குறையலாம். சிலருக்குக் காரணம் பரம்பரையாக வரும் தலசீமியா. அதனால்தான் பரிசோதனை அவசியம்.

என்ன செய்யலாம்?

1. கர்ப்பம் என்று தெரிந்தவுடன் கிளினிக்கில் பதிய வேண்டும். மிஸ்ஸி எழுதித் தரும் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் ஹீமோகுளோபின் அளவை நாமும் பார்க்க வேண்டும்.

2. இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளை விடாமல் சாப்பிட வேண்டும். ஃபோலிக் அமிலத்தைக் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே தொடங்குவது நல்லது. இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகும், மலச்சிக்கலும் வரலாம். "ஒத்துக்கலை" என்று அலமாரியில் போட்டுவிடாமல் மிஸ்ஸியிடம் சொன்னால் மாற்றித் தருவார்கள். மாத்திரை சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. அவர்களுக்கு அது விஷம்.

3. தேநீர், கோப்பியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடிக்கலாம். கால்சியம் மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்க்க வேண்டாம்.

4. முருங்கைக்கீரை, பருப்பு, கடலையோடு கொய்யா அல்லது எலுமிச்சை சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். அசைவம் உண்பவர்களுக்கு மீன், கோழி, ஆட்டிறைச்சி உண்டு.

5. விரதக் காலத்தில் கர்ப்பிணி பட்டினி கிடக்க வேண்டாம். பெரியவர்களே விலக்கு தரும் வழக்கம் நம்மிடம் உண்டுதானே?

வளைகாப்பில் கை நிறைய வளையல் போடுகிறோம், ஏழு வகைச் சாதம் ஊட்டுகிறோம். அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்போம்: "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறியாம்மா? இரத்த அளவு எவ்வளவு?" அதுவும் வாழ்த்துதான்.

கிளையில் கலந்துரையாட:

- நம் தோட்டத்தில் வண்டி வசதி இல்லாத கர்ப்பிணிகளைப் பரிசோதனை நாளில் யார் அழைத்துப் போவது?
- நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருவது யார்? அவருக்கு என்ன மிஞ்சுகிறது?