ஊர் பெயர் இல்லாத முகவரி



பொங்கல் இதழுக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தமிழ் ஐயா சொன்னார். கரும்பு, ஜல்லிக்கட்டு, உழவர் பெருமை எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் தபாலைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள், கடைசி வரை படியுங்கள்.

எங்க அப்பா ராணுவத்தில் ஹவில்தார். மார்கழி பிறந்ததும் அம்மா ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை வாங்கி, உறையில் முகவரி எழுதி, என்னிடம் கொடுத்து அனுப்புவாங்க. போன வருஷம் என்கூட வந்த நண்பன் அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டேய், ஊர் பேரே எழுதலையேடா! இது எப்படிடா போகும்?" என்றான். அவனுக்கு அன்று நான் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் முதல் பாதி.

படைவீரருக்குக் கடிதம் எழுதும்போது அவருடைய படை எண், பதவி, பெயர், யூனிட் பெயர், கடைசியில் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று எழுத வேண்டும். ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். ஊர், மாவட்டம், மாநிலம் எதுவும் எழுதக் கூடாது. 56 என்று போட்டால் கடிதம் டெல்லியில் உள்ள ராணுவத்தின் மையத் தபால் நிலையத்துக்குப் போகும். 99 என்று போட்டால் கொல்கத்தாவுக்குப் போகும். எந்த யூனிட் இப்போது எங்கே இருக்கிறது என்பது அங்கே பிரிப்பவர்களுக்குத்தான் தெரியும். யூனிட் மலைக்கு மாறினாலும் பாலைவனத்துக்கு மாறினாலும் நாம் எழுதும் முகவரி பெரும்பாலும் மாறாது. கடிதம் அவர்களைத் தேடிப் போய்விடும்!

பின்கோடு பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பின்கோடு 15.8.1972 அன்று வந்தது. முதல் எண் பகுதியைக் காட்டும். தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் 6. அதனால்தான் மேற்குத் தாம்பரம் 600045. ஆனால் 9-ல் தொடங்கினால் அது எந்த மாநிலமும் இல்லை, ராணுவத் தபால். அப்பாவின் முகவரி முன்பு 99 ஏ.பி.ஓ., பிறகு 56 ஆனது. "உங்கப்பா கிழக்கே இருந்து வேற பக்கம் போயிட்டாங்க" என்று அம்மா அதை வைத்துத்தான் சொன்னாங்க. எங்க வீட்டுக்குத் தெரிந்த பூகோளம் அவ்வளவுதான்.

போனில் பேசலாமே என்று கேட்பீர்கள். பேசுவோம். டவர் கிடைக்கும் இடமாக இருந்தால் தினமும் பேசுவாங்க, இல்லையென்றால் பத்து நாள் ஆகும். ஆனால் "எங்க இருக்கீங்க?" என்று மட்டும் கேட்கக் கூடாது. "சாப்பிட்டீங்களா? குளிரா இருக்கா?" என்று கேட்கலாம். "ரொம்பக் குளிர்" என்று அப்பா சொன்னால் பாட்டி உடனே காலண்டர் பக்கத்தில் மாட்டியிருக்கும் இந்தியப் படத்தின் மேல் பகுதியைப் பார்ப்பாங்க.

டிசம்பர் 7 கொடி நாள் என்று எல்லாருக்கும் தெரியும். 1949-லிருந்து நடக்கிறது. அந்தச் சின்னக் கொடியில் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று நிறம் இருப்பது தரைப்படை, கடற்படை, விமானப்படையைக் குறிக்க. அந்தப் பணம் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் போகிறது. நம் வகுப்பில் பாதிப் பேர் கொடியை சைக்கிள் ஹாண்டிலில் ஒட்டிவிட்டார்கள். பரவாயில்லை, காசு போட்டார்களே!

2024 தீபாவளிக்கு 'அமரன்' படம் வந்தது. அதில் வரும் மேஜர் முகுந்த் வரதராஜன் நம் தாம்பரம்காரர், இங்கே கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 25.4.2014 அன்று காஷ்மீரின் ஷோபியானில் நடந்த சண்டையில் இறந்தார். மறு குடியரசு தினத்தில் அவருடைய மனைவி அசோக சக்கரத்தை வாங்கிக்கொண்டார். எங்கள் தெருவே படத்துக்குப் போனது. அம்மா வரவில்லை. "நீ போய்ட்டு வா, எனக்கு முறுக்கு சுடணும்" என்றார்கள். முறுக்கு முந்தின நாளே சுட்டாகிவிட்டது.

இனி இரண்டாம் பாதி. அப்பா இருக்கும் இடம் எங்களுக்குத் தெரியாவிட்டாலும் ராணுவத்துக்குத் தெரியும், அதனால் நாங்கள் நிம்மதியாகத் தூங்குகிறோம். யாருக்குமே தெரியாமல் போனால்? அது நம் ஊரிலிருந்தே நடந்திருக்கிறது.

22.7.2016, வெள்ளிக்கிழமை. அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. காலை எட்டரை மணிக்கு நம் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஏ.என்.-32 என்ற போக்குவரத்து விமானம் அந்தமானின் போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. உள்ளே 29 பேர். 6 பேர் விமானக் குழு. முப்படையினரோடு, விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை செய்த 8 பேரும் இருந்தார்கள். கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில், வங்காள விரிகுடாவுக்கு மேலே, ராடாரிலிருந்து மறைந்துவிட்டது.

கப்பல்கள், விமானங்கள், ஒரு நீர்மூழ்கிக் கப்பல் எல்லாம் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த செப்டம்பரில், 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குக் கடிதம் போனது. "கருதப்படுகிறது" என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வீடு என்ன செய்யும்? தீபாவளிக்கு அவருக்குத் துணி எடுப்பதா, படத்துக்கு மாலை போடுவதா? அப்படியே எட்டு தீபாவளியும் ஏழு பொங்கலும் போயின.

ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். ராடார் அலை கடல் நீருக்குள் போகாது. சூரிய ஒளியும் சுமார் 200 மீட்டருக்குக் கீழே போனால் ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். ஒலி மட்டும்தான் போகும், நீரில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர். ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பதுதான் சோனார். ஆனால் கப்பலிலிருந்து அனுப்பும் ஒலி 3,400 மீட்டர் இறங்கித் திரும்ப நாலரை வினாடி ஆகும். அதற்குள் அது அகலமாக விரிந்துவிடுவதால் சின்னச் சின்ன உடைசல்கள் படத்தில் தெரியாது. தரைக்குப் பக்கத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். அந்த ஆழத்தில் அழுத்தமோ நமக்கு மேலே உள்ள காற்றைப் போல 340 மடங்கு. மனிதன் நீந்திப் போக முடியாது.

போனது யார் தெரியுமா? வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பஸ்ஸில் போகும்போது பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் என்று ஒரு வளாகம் வருமே, அவர்களுடைய கருவி! ஆள் இல்லாமல் தானே நீந்தும் வாகனம், 6,000 மீட்டர் வரை இறங்கும். கடலடியில் கனிமம் தேடுவதற்காக வாங்கியது. அது சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில், ஒரு விமானத்தின் உடைந்த பாகங்களைப் படம் எடுத்தது. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை, எனவே இது அநேகமாக அந்த ஏ.என்.-32 தான் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. (செய்தியில் 310 கி.மீ. என்று வந்தது. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கினால் 259 தான் வருகிறது. கணக்கு சார் சரிபார்க்கவும்.)

அறிவித்த நாள் 12.1.2024, அதுவும் வெள்ளிக்கிழமை. ஞாயிறு போகி, திங்கள் பொங்கல். தாம்பரத்தில் கிளம்பியதைப் பள்ளிக்கரணை கண்டுபிடிக்க ஏழரை வருஷம் ஆனது.

அன்று அம்மா பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். நான் கீழே நின்று செய்தியைப் படித்தேன். கையில் பழைய பாயோடு அப்படியே நின்றார்கள். அழவில்லை. "இனிமே அவங்க ஒரு திசையைப் பார்த்தாவது கும்பிடலாம்" என்றார்கள். பிறகு பாயைக் கீழே போட்டு, "இதைப் போகிக்கு எரிக்காதே, குப்பை வண்டிக்குப் போடு" என்றார்கள்.

காணும் பொங்கலுக்குத் திருவான்மியூர் கடற்கரைக்குப் போனோம். ஒரே கூட்டம். போலீஸ் கடலில் இறங்க விடவில்லை. அம்மா தலையிலிருந்த மல்லிகையில் கொஞ்சம் கிள்ளி ஈர மணலில் வைத்தார்கள். அலை வந்து எடுத்துக்கொண்டு போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் நண்பனுக்கு இதெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் தபால் நிலையத்தில் எங்கள் முறை வந்துவிட்டது. அவன் ஒன்றும் பேசாமல் வந்தான்.

இந்த வருஷம் அவனே ஒரு வாழ்த்து அட்டை வாங்கிக்கொண்டு எங்க வீட்டுக்கு வந்தான், மாடு படம் போட்டது. அம்மா சொல்லச் சொல்ல அப்பாவின் முகவரியை எழுதினான். 56 ஏ.பி.ஓ. வந்ததும் நிறுத்திவிட்டான், ஊர் எழுதவில்லை. அனுப்புநர் பக்கத்தில் மட்டும் தன் பெயர், கதவு எண், தெரு, சேலையூர், சென்னை, பின்கோடு எல்லாம் எழுதி, அதற்குக் கீழே 'வாட்டர் டேங்க் எதிரில், பச்சை கேட்' என்றும் எழுதினான். "உங்கப்பா பதில் போட்டா கரெக்டா வரணும்ல?" என்றான்.

— 10 'ஆ' பிரிவு