மேசைவாளைப் பாவிக்கும் முறையும் பராமரிப்பும்



கொட்டகலையில் மரக்கறி பயிரிடுவோருக்கும், தாழ்ந்த நிலங்களில் நெல் விளைவிப்போருக்கும் பலகை வேண்டாத காலம் இல்லை. உருளைக்கிழங்கு விதையை வெளிச்சத்தில் முளைகட்ட வைக்கும் தட்டு, கோவா நாற்றுப் பெட்டி, தக்காளியும் போஞ்சியும் நசுங்காமற் சந்தைக்குச் செல்லும் பெட்டி, வயலை மட்டஞ் செய்யும் பலகை ஆகிய யாவற்றிற்கும் ஒரே அளவான சட்டங்கள் தேவை. கைவாளால் நாள் முழுவதும் அறுக்கும் வேலையை மின்சார மேசைவாள் சொற்ப நேரத்தில் முடித்துத் தருகின்றது. எனினும், அந்தச் சொற்ப நேரத்திற்குள்ளேயே ஒருவருடைய விரல்களையும் அது கொண்டுபோய்விடக்கூடும்.

எனக்கு அறிமுகமான கமக்காரர் ஒருவர் பெட்டிச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தார். பாதித் தூரத்திற் பலகை வாளை இறுகப் பிடித்தது. அவர் அதைப் பின்னே இழுத்தார். பலகை எகிறியது, அதைப் பற்றியிருந்த இடக்கை வாளின் மேற் சென்றது. இரண்டு விரல்கள் நுனியை இழந்தன. அவர் கவனமற்றவர் அல்லர். ஆயின், பார்வைக்கு இடைஞ்சல் என்று வாளின் மூடியையும் பிளவுத்தகட்டையும் கழற்றி வைத்திருந்தார். அறுத்த மரமோ ஈரமான யூக்கலிப்டஸ். இவ்விரண்டுமே விபத்திற்குக் காரணம். இன்றும் நாற்று நடும்போது அந்தக் கை அவருக்குச் சரியாக உதவுவதில்லை.

ஆகவே இங்கு கூறப்போவது ஒன்றே. வாளையும் மரத்தையும் நிற்கும் இடத்தையும் சுவிட்ச் போடுவதற்கு முன்னரே ஒழுங்குபடுத்தினால், கை வாளருகே செல்லவேண்டிய தேவையே நேராது.

1. வாளின் வேகம்

பத்து அங்குல வட்டவாள் நிமிடத்திற்கு 4,000 முறை சுழலுமாயின், அதன் பல் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. அதில் 24 பற்கள் இருப்பின், ஒரு செக்கனில் 1,600 பற்கள் ஓரிடத்தைக் கடந்து செல்லும். விரல் பட்டதை அறிந்து கையை இழுக்கக் கால் செக்கன் சென்றாலும், 400 பற்கள் அவ்விடத்தைக் கடந்துவிடும். ஆதலின் "பட்டவுடன் கையை எடுத்துவிடலாம்" என்று எண்ணுவது பேதைமை. அமெரிக்காவில் மேசைவாளின் அலகில் வெட்டுண்டு ஆண்டுதோறும் சுமார் 30,000 பேர் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு அரசாங்கம் மதிப்பிட்டுள்ளது.

2. மரம் ஏன் எகிறுகின்றது?

வாளின் முன்பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி மேசையில் அழுத்துகின்றன. பின்பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. அறுத்த பிளவு பின்புறத்தில் ஒடுங்கி வாளை நெருக்கினால், எழும் பற்கள் பலகையைத் தூக்கி, அறுப்பவர் பக்கமாக எறிந்துவிடும். பலகை மார்பிலோ வயிற்றிலோ தாக்கும். அதைப் பற்றியிருக்கும் கையும் வாளை நோக்கி இழுபடும்.

யூக்கலிப்டஸ் மரத்தின் உள்ளே இயற்கையாகவே இழுவிசையும் அழுத்தமும் நிறைந்துள்ளன. அதை நீளவாட்டில் அறுக்கும்போது துண்டுகள் வளைகின்றன. சில வேளை விலகும், சில வேளை வாளை நெருக்கும். ஈரமும் சேர்ந்தால் அபாயம் அதிகம்.

3. மரத்தைத் தெரிவுசெய்தல்

(அ) பச்சை மரத்தை உடனே மேசைவாளில் அறுத்தல் கூடாது. மர ஆலையிற் பலகையாக்கி, கூரையின் கீழ், பலகைகளுக்கிடையே சிறு குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்குக. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் இங்கு மரம் காய்வது மிகத் தாமதமாகும், பொறுத்திருத்தல் வேண்டும்.

(ஆ) முறுகிய பலகை, வளைந்த பலகை, தளர்ந்த கணுவுள்ள பலகை ஆகியவற்றை நீக்குக. மேசையில் ஆடும் பலகை கட்டாயம் வாளை நெருக்கும்.

(இ) பழைய வேலிக்கட்டைகளிலும் பெட்டிகளிலும் ஆணியும் கம்பியும் மறைந்திருக்கும். ஒவ்வொன்றையும் பார்த்துப் பிடுங்கிய பின்னரே அறுக்குக.

(ஈ) செம்பு, குரோமியம், ஆசனிக்கு கலந்த மருந்து ஏற்றிய பச்சைநிறக் கம்பங்களை மரக்கறிப் பெட்டிக்கோ நாற்றுத் தட்டுக்கோ பாவித்தல் ஆகாது. அவற்றின் தூளும் நஞ்சு.

4. வாளில் இருக்கவேண்டியவை

பிளவுத்தகடு: வாளின் பின்னால் நிற்கும் இந்த இரும்புத் தகடு பிளவு ஒடுங்காமற் காக்கின்றது. அது வாளின் உடலைவிடச் சற்றுத் தடித்தும், வாள் அறுக்கும் பிளவைவிடச் சற்று மெலிந்தும் இருத்தல் வேண்டும். மேசை மட்டத்தில் வாளுக்கும் தகட்டிற்கும் உள்ள இடைவெளி 8 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது.

மூடி: வாளின் மேற்பகுதியை மறைப்பது. கழற்றிய மூடி காப்பாற்றாது.

சுவிட்ச்: மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது தானாக ஓடாத வகைச் சுவிட்சே பொருத்துக. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளையிற் சுவிட்சை மூடாது சென்றவரின் வாள், மின்சாரம் திரும்பியதும் ஆளின்றிச் சுழலத் தொடங்கும். அருகே பிள்ளைகள் நிற்கக்கூடும்.

மின்காப்பு: கொட்டகையின் தரை ஈரமாயின் மின்கசிவு உயிரைப் போக்கும். நிலத்தொடுப்புக் கம்பியும், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் தகுதி பெற்ற மின்வினைஞரால் அமைக்கப்படல் வேண்டும்.

விரல் பட்ட கணத்திலேயே வாளை நிறுத்தும் இயந்திரம் 2004 முதல் அமெரிக்காவில் விற்கப்படுகின்றது. அதுவும் மரம் எகிறுவதைத் தடுப்பதில்லை. மிக ஈரமான மரம் பட்டால் வீணே நின்றுவிடவும் கூடும். ஆகையால் எந்த வாளாயினும் கீழ்க்காணும் முறை ஒன்றே.

5. அறுக்கும் முறை

(1) தொங்கும் மப்ளர், சால்வை, சேலைத் தலைப்பு, அகன்ற கை ஆகியவற்றை நீக்குக, தலைமயிரை முடிந்துகொள்க. குளிர் என்று கையுறை அணிதல் கூடாது. வாள் அதைப் பற்றிக் கையையும் இழுக்கும். விரல் விறைத்திருந்தால், கையைச் சூடாக்கிய பின் தொடங்குக. கண்ணாடி அணிக.

(2) வாளின் பல் மரத்திற்கு மேலே கால் அங்குலத்திற்கு மிகாமல் தெரியுமாறு உயரத்தைத் திருத்துக.

(3) நீளவாட்டில் அறுக்கும்போது பலகையின் நேரான ஓரம் சார்புச் சட்டத்தைத் தொட்டுச் செல்லட்டும். குறுக்கே அறுக்கும்போது குறுக்கு வழிகாட்டியைப் பாவிக்குக. இரண்டையும் ஒருங்கே பாவித்தல் ஆகாது. துண்டு இடையில் அகப்பட்டு எகிறும். எவற்றையும் சாராமல் வெறுங்கையாற் பலகையைத் தள்ளுதல் அறவே கூடாது.

(4) வாளின் நேரே நில்லாமற் சற்று ஒதுங்கி நிற்க. பின்னாலும் எவரும் நிற்கலாகாது.

(5) கை வாளிலிருந்து ஒரு சாணுக்குக் கிட்ட வரலாகாது. கடைசி ஓரடியை அறுக்கும்போது தள்ளுகோலாற் றள்ளுக. நுனியில் பறவையலகு போன்ற வெட்டுள்ள ஒன்றரை அடிக் கட்டையே தள்ளுகோல். அதை எப்போதும் மேசையருகே ஆணியில் மாட்டி வைக்குக.

(6) பலகை வாளைப் பிடித்துக்கொண்டால் பின்னே இழுக்காதீர்கள். பலகையை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சை நிறுத்துக. வாள் முற்றாக ஓய்ந்த பின், பிளவில் ஆப்பு வைத்து விடுவிக்குக. முழங்காலாலோ தொடையாலோ நிறுத்தத்தக்க இடத்திற் சுவிட்ச் இருப்பது நன்று.

(7) வாள் சுழலும்போது சிறு துண்டுகளைக் கையாற் பொறுக்காதீர்கள்.

6. பராமரிப்பு

எந்த வேலைக்கு முன்னும் மின்செருகியைப் பிடுங்குக. மழுங்கிய வாளே மிகுந்த ஆபத்தானது. அதைத் தள்ளப் பலம் வேண்டும், பலம் மிஞ்சினாற் கை வழுக்கும். மரம் கருகுதல், புகைதல், அதிகம் தள்ள நேர்தல் ஆகியவை மழுங்கியதன் அறிகுறிகள். பிசின் படிந்தாலும் இவ்வாறே நேரும். வாளைக் கழற்றி, சவர்க்கார நீரில் ஊறவைத்துத் தேய்த்து, நன்கு உலர்த்துக. வெடித்த வாளையும் பல் உதிர்ந்த வாளையும் எறிந்துவிடுக. நீளவாட்டிற்குப் 24 பல்லும், குறுக்கிற்கு 60 பல்லும் உள்ள பத்து அங்குல வாள் ஏற்றவை.

மலைநாட்டு ஈரத்தில் இரும்பு மேசை விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த மேசையிற் பலகை நகராது. வாரம் ஒருமுறை துடைத்து, மெழுகு பூசுக. சார்புச் சட்டம் வாளுக்கு இணையாக உள்ளதா என்று வாளின் முன்னும் பின்னும் அளந்து பார்க்குக. பின்புறம் ஒடுங்கியிருந்தால் மரம் எகிறும்.

7. மரத்தூள்

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என 1995 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. முகக்கவசம் அணிக, மோட்டாரைச் சுற்றித் தூள் சேரவிடாதீர்கள், தீப்பிடிக்கும். புதிய மரத்தூளை நேரே பாத்தியில் இட்டால், அது மக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனைக் கவர்ந்து பயிரை மஞ்சளாக்கும். சாணத்துடன் சேர்த்து மக்கச் செய்த பின்னரே இடுக.

8. விபத்து நேர்ந்தால்

முதலிற் சுவிட்சை நிறுத்துக. சுத்தமான துணியாற் காயத்தை அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்குக. துண்டான விரலை ஈரத்துணியிற் சுற்றிப் பொலித்தீன் பையில் இட்டு முடிந்து, அப்பையைப் பனிக்கட்டி இட்ட நீரில் வைக்குக. விரல் பனிக்கட்டியை நேரே தொடலாகாது. 1990 இலக்கத்திற்கு அழைத்து, இலவச அம்புலன்சில் வைத்தியசாலைக்கு விரைக. ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் அங்கே கேட்டறிக.

அன்பர்களே, பதறாத காரியம் சிதறாது. பத்துப் பெட்டிகள் குறைந்தால் அடுத்த வாரம் செய்துகொள்ளலாம். மண்ணைக் கொத்தவும் நாற்றை நடவும் நமக்குள்ளவை பத்து விரல்களே. இன்று வீடு சென்றதும் உங்கள் வாளின் மூடியும் பிளவுத்தகடும் பொருத்தப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இல்லையேல், அவை பொருத்தப்படும் வரை சுவிட்சைத் தொடாதீர்கள்.