தொங்கும் கயிறும் நிமிரும் வளைவும்

துணி உலர்த்தும் கொடியைச் சற்றுத் தளர்த்திக் கட்டினால், அது வளைந்து தொங்கும். அவ்வளைவை எவரும் வரைவதில்லை. கயிற்றின் எடையே அதனை உருவாக்குகிறது. இவ்வுண்மையைக் கொண்டு தேவாலயம் வடிவமைத்தவர் அந்தோனி கௌடி. ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாவில் 1852இல் பிறந்த இவர், பார்சிலோனா நகரில் கட்டடக்கலைஞராக விளங்கினார்.

கல்லும் செங்கல்லும் தம்மேல் அழுத்தும் பாரத்தை நன்கு தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். கயிறோ இழுவிசையை மட்டுமே தாங்கும். தொங்கும் கயிற்றின் வளைவைத் தலைகீழாக நிமிர்த்தினால், இழுவிசை இருந்த இடமெல்லாம் அழுத்துவிசையாக மாறும். அவ்வடிவில் கல்லை அடுக்கினால் வளைவு உறுதியாக நிற்கும்.

பார்சிலோனாவுக்கு அருகே கொலோனியா குவெல் என்னும் நெசவாலைத் தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. அங்கு ஒரு தேவாலயம் அமைக்கும் பொறுப்பு 1898இல் கௌடியிடம் வந்தது. அவர் கயிறுகளை மேலிருந்து தொங்கவிட்டு, அவற்றில் ஈயக் குண்டுகள் நிறைந்த சிறு பைகளைக் கட்டினார். கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியும் தாங்க வேண்டிய பாரத்திற்கு ஏற்ற எடை அங்கங்கே தொங்கியது. ஒரு பையின் எடை மாறினால் மற்றக் கயிறுகளின் வளைவும் மாறியது. அம்மாதிரியைப் புகைப்படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்பியபோது தேவாலயத்தின் வடிவம் தெரிந்தது. இதற்கே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின. 1908இல் தொடங்கிய கட்டுமானம் 1914இல் நின்றது. அடித்தளக் கோயில் மட்டுமே எழுந்தது. அதன் சாய்ந்த தூண்கள் இன்றும் பாரம் தாங்கி நிற்கின்றன.

அங்குப் பெற்ற அனுபவம் பார்சிலோனாவின் சக்ரடா பமீலியா ஆலயத்திற்குப் பயன்பட்டது. 1882இல் வேறொருவர் தொடங்கிய அப்பணியைக் கௌடி அடுத்த ஆண்டே ஏற்றிருந்தார். நன்கொடையால் எழும் ஆலயம் ஆதலின் பணி மெல்லவே நடந்தது. தம் வாழ்நாளில் அது முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே, பின்வருவோர் தொடர்வதற்காகச் சுண்ணச்சாந்து மாதிரிகளைச் செய்துவைத்தார். பணியாளர்களின் பிள்ளைகள் பயில, அலைபோல் வளைந்த கூரையுடைய பள்ளி ஒன்றையும் 1909இல் அவ்வளாகத்தில் கட்டினார்.

1926 ஜூன் 7 அன்று டிராம் வண்டி மோதிக் கௌடி வீழ்ந்தார். எளிய உடையில் இருந்த அவரை எவரும் அடையாளம் காணவில்லை. மூன்று நாள்களுக்குப் பின் அவர் மறைந்தார். 1936இல் உள்நாட்டுப் போரின்போது அவருடைய பணிக்கூடம் தீக்கிரையானது, மாதிரிகள் நொறுங்கின. பின்வந்தோர் அத்துண்டுகளைத் தேடி எடுத்து ஒட்டினர். அவற்றை அளந்து கணக்கிட்டுப் பணியைத் தொடர்ந்தனர். மரக்கிளைகள்போல் பிரியும் தூண்கள் தாங்கும் உள்மண்டபம் 2010இல் வழிபாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. கட்டும் முறையையும் கௌடி விட்டுச்சென்றதால், அவரது பணி அவருக்குப் பின்னும் வளர்ந்தது.

சொற்பொருள்
பாரம் – சுமை
நெசவாலை – துணி நெய்யும் தொழிற்சாலை
சுண்ணச்சாந்து – சுண்ணாம்புக் குழைவு
தீக்கிரையானது – தீயில் அழிந்தது

பயிற்சி
1. கல்லும் கயிறும் விசையைத் தாங்கும் முறையில் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. ஈயக் குண்டுப் பைகளைக் கௌடி எதற்காகத் தொங்கவிட்டார்?
3. தம் காலத்தில் முடியாத பணிக்குக் கௌடி மாதிரிகள் செய்துவைத்தது சரியா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
4. பிரித்து எழுதுக: அவ்வடிவில், நெசவாலை, மரக்கிளை.

செயல்பாடு
ஒரு நூலின் இரு முனைகளையும் சுவரில் ஒட்டித் தொங்கவிடுக. அதன் வளைவைத் தாளில் வரைந்து, தாளைத் தலைகீழாகத் திருப்புக. அவ்வளைவை உம் ஊரில் உள்ள பழைய கட்டடங்களின் வளைவுகளோடு ஒப்பிட்டு எழுதுக.