தராசும் சான்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா?

நம் கடைகளில் தராசு இருக்கிறது. முத்திரைச் சான்றும் சுவரில் தொங்குகிறது. அந்தச் சான்று இந்தத் தராசுக்கு உரியதுதானா என்று பார்ப்பவர் சிலரே. தஞ்சையில் எங்கள் அரிசி மண்டியில் ஒரு தை அறுவடைச் சமயம் மின்னணுத் தராசு பழுதாயிற்று. பழுது பார்ப்பவர் மாற்றுத் தராசு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். நெருக்கடியில் நாங்களும் அதிலேயே மூட்டைகளை நிறுத்துக்கொண்டிருந்தோம். ஆய்வாளர் வந்து வரிசை எண்ணைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சான்று ஒன்று, தராசு வேறொன்று. எடையில் குறைவில்லை, ஆனாலும் பதில் சொல்ல வாயில்லை.

பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை. 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் மென்பொருளில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் கெடு முடிந்து போனதால், பிரிட்டனில் ஓ2 செல்போன்காரர் கோடிக்கணக்கானோருக்கு இணையம் நின்றுபோயிற்று. இயந்திரம் ஒரு கணக்கில், சான்று இன்னொரு கணக்கில் இருந்தால் கெடு நாள் கண்ணில் படாது.

நமக்கோ 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி மின்னணுத் தராசுக்கு 12 மாதம், படிக்கல்லுக்கும் தட்டுத் தராசுக்கும் 24 மாதம் என்று கெடு வேறுபடுகிறது. ஆகவே ஒரே நோட்டில் தராசுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வரிசை எண், வைத்திருக்கும் இடம், சான்று எண், கெடு நாள் எல்லாம் அதிலேயே இருக்கட்டும். பழுது நீக்கினாலும் மறுமுத்திரை உண்டு; அதையும் அங்கேயே எழுதவேண்டும். மாற்றுத் தராசு வந்தால், அதன் சான்றைக் கேட்டு வாங்கிய பிறகே முதல் மூட்டையை ஏற்றுங்கள். மாதம் ஒருமுறை நோட்டுடன் கடையைச் சுற்றி வந்து, எண்ணைத் தராசின் தகட்டிலேயே படித்துச் சரிபாருங்கள். போன மாதத்து எழுத்தைப் பார்த்து எழுதினால் அந்த வேலை வீண்.