பந்தயத்தில் ஜெயித்த தாத்தா

அமெரிக்காவில் நடிகர் ரீகன் கவர்னர் ஆன மாதிரி, எம்.ஜி.ஆரை முதல்வர் ஆக்கியது நம்ம அருப்புக்கோட்டைதான் என்கிறார் தாத்தா. ஆண்டிபட்டி என்கிறேன் நான். ஒரு கிலோ சேவு பந்தயம். யார் சொல்வது சரி?
- வாசகர், திருச்சுழி

தாத்தாவுக்குச் சேவு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். 1977 தேர்தலில் எம்.ஜி.ஆர். ஜெயித்தது அருப்புக்கோட்டையில்தான். ஜூன் 30-ம் தேதி முதல்முறையாக முதல்வரானார். கட்சி தொடங்கி ஐந்து வருடம்கூட ஆகவில்லை.

அதற்கு முன், 1967-லும் 1971-லும், அவர் பரங்கிமலை எம்.எல்.ஏ. 67-ல் குண்டடி பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கழுத்துக்கட்டோடு இருந்த போஸ்டரே போய் ஓட்டுக் கேட்டது.

அருப்புக்கோட்டையில் அவர் நிலைக்கவில்லை என்பது கரிசல்காட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். 1980-ல் ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு மதுரை மேற்குக்குப் போய்விட்டார். உங்கள் ஆண்டிபட்டி 1984. புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே, தொகுதிக்கு வராமலே ஜெயித்தது.

ரீகன் பொருத்தமும் சரிதான். அங்கே கவர்னர் என்றால் ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைப்பவர். நம் ஊர் கவர்னர் மாதிரி டெல்லி அனுப்புகிறவர் இல்லை. அவர் கலிபோர்னியா கவர்னரானது 1967 ஜனவரி. இங்கே எம்.ஜி.ஆருக்குக் குண்டடி பட்டதும் அதே மாதம்தான்! இதையும் தாத்தாவிடம் சொல்லுங்கள், கால் கிலோ குறைத்துக்கொண்டாலும் குறைத்துக்கொள்வார். சேவு மட்டும் சாத்தூரில் வாங்குங்கள்.