கேலிக்கு வீடு காரணமா?

கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி செல்லும் சாலையில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்த ஊர் தேவர்சோலை. இவ்வட்டாரத்து வகுப்பறைகளில் தமிழ், மலையாளம், கன்னடம் பேசும் பிள்ளைகளைக் காணலாம். பணியர், காட்டுநாயக்கர் முதலான பழங்குடிப் பிள்ளைகளையும் காணலாம். 1964 ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இத்தோட்டங்களில் குடியேறியோரின் பேரப்பிள்ளைகளும் இங்கு உண்டு.

அத்தகைய வகுப்பில் முருகன் என்றொரு மாணவன் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அவனுடைய தாய் விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். தந்தைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. முருகனின் பேச்சை மூன்று மாணவர்கள் நாள்தோறும் பழித்துக் காட்டுகிறார்கள். அவன் பையை ஒளித்து வைக்கிறார்கள். அவன் வாய் திறப்பதில்லை. "லயத்தில் வளர்ந்தவன் அப்படித்தான்" என்கிறார்கள் மற்றவர்கள். இது சரியா? ஆராய்ந்து பார்ப்போம்.

நண்பர்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்வது வேறு, கொடுமை வேறு. இதை 1970களிலேயே முறையாக ஆராயத் தொடங்கியவர், நார்வேயில் பணியாற்றிய உளவியலார் டான் ஓல்வியஸ். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க இயலாதவரிடம் செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது கொடுமை என்றார் அவர். முருகனுக்கு நடப்பதில் இம்மூன்றும் உள்ளன அல்லவா?

சரி, வறுமைதான் காரணமா? பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரை ஒன்று விடை தருகிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் தொல்லைக்கு ஆளாவது சற்று அதிகம். ஆனால் தொல்லை கொடுப்பவர்கள் ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி எல்லா வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். எனவே, வீட்டின் வருமானத்தைக் கொண்டு ஒருவன் குணத்தை அளக்க முடியாது.

வளர்ப்பு முறைக்குத் தொடர்பு உண்டா? உண்டு. 2013இல் 70 ஆய்வுகளை, அதாவது இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அடியும் கடுஞ்சொல்லும் மிகுந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலும் கொடுமைக்கு ஆளாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வியப்பு என்னவென்றால், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பு ஓரளவு கூடியிருந்தது! அன்பும் கண்காணிப்பும் மனம்விட்டுப் பேசும் பழக்கமும் உள்ள வீட்டில் அது குறைந்திருந்தது.

ஏன் இப்படி? அடிக்குப் பயந்து வளரும் பிள்ளை, வலியை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் பெற்றோரே முன்வந்து பேசிவிட்டால், தானே பதில் சொல்லும் பயிற்சி பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. உளவியலார் தரும் விளக்கங்களுள் இவையும் சில.

ஆனால், இங்கே ஓர் எச்சரிக்கை! கூடலூரில் மழைநாளில் குடைகள் நிறையத் தென்படும். அதனால் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்போமா? அதுபோலவே, பிள்ளை துன்பப்படுவதைக் கண்ட பின்னரே பெற்றோர் பொத்திப் பாதுகாக்கத் தொடங்கியிருக்கலாம். தொடர்பு இருப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. மேலும், அன்பான வீட்டுப் பிள்ளையும் கொடுமைக்கு ஆளாகலாம். கண்டிப்பான வீட்டில் பிறந்தது தலையெழுத்தும் அன்று.

வீடு எப்படி இருந்தாலும், கொடுமை நடக்கும் இடம் வகுப்பறை, பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். கனடாவில் பள்ளி மைதானங்களில் நடப்பதைப் படம் பிடித்து ஆராய்ந்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். உடனிருந்த மாணவர் தலையிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை கொடுமை நின்றுபோனது. அதுவும் பெரும்பாலும் பத்து வினாடிக்குள்!

ஆகவே முருகனின் பக்கத்தில் போய் உட்காருங்கள். "விடுங்கடா" என்று ஒரு சொல் சொல்லுங்கள். நம்பிக்கையான ஆசிரியரிடம் தெரிவியுங்கள். கொடுமைக்கு ஆளாகிறவர் நீங்களே என்றால், அது உங்கள் தவறன்று. உங்கள் பெற்றோரின் தவறும் அன்று. பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

சிந்திக்க:
1. உங்கள் வகுப்பில் யாரும் பேசாமல் ஒதுக்கப்பட்டவர் யார்? ஏன்?
2. "அவன் வீடு அப்படி" என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? அதற்கு உங்களிடம் என்ன சான்று இருந்தது?